ஐஸ் ஹவுஸ் முதல் பொம்மசந்திரா வரை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தவுடன் வருவது பொம்மசந்திரா. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூர், ஒரு சிற்றூராக இருந்து, கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் முயற்சியால் பெரியதொரு தொழிற்பேட்டையாக மாறியது. சாலையின் தெற்கே சிறிது தொலைவு சென்றால் அத்திப்பள்ளி; அதனைத் தாண்டினால் தமிழ்நாடு. ஆதலின், இங்குள்ள ஆலைகளிலும் பட்டறைகளிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த நம்மவர் பலர் உழைத்து வாழ்கின்றனர். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் இவ்வூர் வரை வந்து சேர்ந்தது.

விடுமுறை நாட்களில் இங்குள்ள குடியிருப்புத் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு வாசலில் மோட்டார் கார் நிற்கும். அதன் முன்மூடி திறந்திருக்கும். ஆலையில் இயந்திரம் பழகிய கை ஒன்று ஸ்பானரைப் பிடித்து உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். விளக்கு மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது ஆகியவற்றோடு, வண்டியின் குளிர்சாதனத்திலுள்ள கம்ப்ரஸரையும் வீட்டிலேயே மாற்றிவிட முடியுமா என்ற கேள்வியும் இன்று எழுகின்றது. பட்டறைக் கூலியை மிச்சப்படுத்த விரும்பும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியன்று.

முடியும், ஆனால் முழுவதும் முடியாது. எதுவரை முடியும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிய, நாம் அந்தக் கருவியின் சரித்திரத்தைச் சிறிது அறிதல் வேண்டும். ஏனெனில், கம்ப்ரஸரோடு இணைந்த குழாய்களில் ஓடும் வாயு காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றது. எந்தக் காலத்து வாயு தம் வண்டியில் ஓடுகின்றது என்று தெரியாமல் கைவைப்பவர் புதிய கம்ப்ரஸரையும் இழப்பர். நாம் அனைவரும் மூச்சு விடும் காற்றுக்கும் ஊறு செய்வர்.

சென்னையை அறிந்த தமிழருக்கு ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் புதிதன்று. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், 1842ஆம் ஆண்டில் பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென்றே எழுப்பப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகரான ஃபிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி உலகெங்கும் விற்றார். 1833இல் அவருடைய முதற் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் கரையாமல் வந்து சேர்ந்தது என்றால், அதனைப் பொதிந்தவர்களின் திறமையை என்னென்பது! வால்டன் குளத்துப் பனிக்கட்டி சென்னைவாசிகளின் தாகம் தீர்ப்பதைத் தோரோ என்னும் அமெரிக்க அறிஞர் 1854இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

அக்காலத்தில் குளிர்ச்சி என்பது இயற்கை எங்கேயோ செய்து வைத்த சரக்கு. அதனைக் கொண்டுவருவதே மனிதன் செய்த வேலை. அந்த வாணிகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செழித்தது. பின்னர் நீராவி இயந்திரங்களைக் கொண்டு நம் நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் முறை 1870களில் பரவவே, கப்பலில் வந்த பனிக்கட்டி விலைபோகாமல் ஒழிந்தது. சென்னைக் கட்டடம் வேறு கைக்கு மாறியது. பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் அதனை வாங்கினார். 1897இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கிச் சொற்பொழிவாற்றினார். டியூடரின் தொழிலை முடித்துவைத்த இயந்திரத்தின் உள்ளே இருந்த கருவிதான் இன்று பொம்மசந்திராவின் தெருவில் கழற்றப்படும் கம்ப்ரஸரின் மூதாதை.

அக்கருவி செய்யும் வேலை யாது? குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் நீங்கிய நிலையையே நாம் குளிர் என்கிறோம். கோடையில் மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது; உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. நம் பாட்டிமார் அறிந்த இந்த உண்மைதான் குளிர்சாதனத்துக்கும் அடிப்படை. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடுகின்றது. மறுபடி நீர் ஊற்ற வேண்டும். போன ஆவியைப் பிடித்து, அழுத்தி, மீண்டும் நீர்மமாக்கி, அதே வேலைக்குத் திருப்பி அனுப்ப முடியுமானால் ஊற்றும் வேலை ஒழியும். பிடித்து அழுத்துவது எதுவோ அதுவே கம்ப்ரஸர்.

அழுத்தப்பட்ட ஆவி சூடேறுகின்றது. வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் வழியே செல்லும்போது, அச்சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டு நீர்மமாகின்றது. பின்னர் ஒரு சிறு துளை வழியே புகுந்து, ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. மறுபடியும் கம்ப்ரஸரை வந்து அடைகின்றது. இதயம் இரத்தத்தைச் சுற்றிவரச் செய்வது போன்றதே இதுவும்.

இவ்வாறு ஆவியை அழுத்தித் திருப்பும் இயந்திரத்துக்கு 1834இல் லண்டன் நகரில் காப்புரிமை பெற்றவர் ஜேக்கப் பெர்கின்ஸ் என்னும் அமெரிக்கர். 1850களில் ஆஸ்திரேலியாவிலிருந்த பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஹாரிஸன் அம்முறையில் பனிக்கட்டியைத் தொழிலாகவே செய்து காட்டினார். 1870களில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபான் லிண்டே அம்மோனியாவைக் கொண்டு சிறந்த இயந்திரங்களை அமைத்தார். 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் சாதனத்தை வகுத்தார். மனிதருக்குச் சுகம் தருவது அதன் முதல் நோக்கம் அன்று. ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் அக்காலத்து வாயுக்கள் கொடியவை. அம்மோனியா, கந்தக டையாக்ஸைடு, மெதில் குளோரைடு ஆகியவை கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அவற்றைக் காருக்குள் வைத்து ஓட்ட யார் துணிவர்? இத்தடையை நீக்கியவர் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கப் பொறியறிஞர். 1928இல் அவரும் அவருடைய துணைவர்களும் நஞ்சில்லாத, தீப்பற்றாத ஒரு வாயுவைக் கண்டனர். 1930இல் அறிஞர் அவையில் அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஃபிரியான் என்ற பெயரில் உலகெங்கும் புகழ்பெற்ற அதனை மெக்கானிக்குகள் ஆர்-12 என்பர்.

அதன் பின்னரே மோட்டார் காருக்குள் குளிர்காற்று புகுந்தது. அமெரிக்கப் பாக்கார்டு கம்பெனி 1939இல் அத்தகைய காரைக் காட்சிக்கு வைத்தது. அதிலிருந்த குறை ஒன்று நம் பொருளுக்கு நெருங்கியது. கம்ப்ரஸரை எஞ்சினிலிருந்து விடுவிக்கும் கிளச் அதில் இல்லை. எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரஸரும் ஓடும். குளிர் வேண்டாத பருவத்தில், வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஆகவே, கார்க் குளிர்சாதனத்தில் உரிமையாளரே கைவைப்பது அதன் பிறப்பிலேயே தொடங்கியது எனலாம். மின்காந்தக் கிளச் வந்த பின்னரே பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலை உண்டாயிற்று. 1954இல் நாஷ் கம்பெனி சாதனம் முழுவதையும் வண்டியின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. இன்று நாம் காணும் அமைப்பு ஏறக்குறைய அதுவே.

நம் நாட்டில் ஓடும் வண்டிக்குள் குளிர்ச்சி முதலில் ரயிலில் வந்தது. 1934இல் பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய ஃபிரான்டியர் மெயிலில் ஒரு பெட்டியின் அடியில் பனிக்கட்டிப் பாளங்களை வைத்து, மின்விசிறியால் அக்காற்றைப் பயணிகளுக்குச் செலுத்தினர். பனிக்கட்டி உருகினால் வழியில் நிலையங்களில் மாற்றுவர். டியூடரின் முறை ரயிலேறி வந்தது போலல்லவா இது! கார்களிலோ நெடுங்காலம் வரை குளிர்சாதனம் செல்வருக்கே உரியதாக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி கார் வெளிவந்த பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 1985இல் தொடங்கப்பெற்ற சுப்ரோஸ் கம்பெனி ஜப்பானியத் துணையோடு கார்க் குளிர்சாதனங்களை இந்தியாவிலேயே செய்தது. அடுத்த தலைமுறைக்குள் சாதாரண குடும்பத்துக் காரிலும் அது இடம்பெற்றது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில் மின்விசிறியே வேண்டியதில்லை என்று பழையவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். 2016 ஏப்ரல் 24 அன்று அந்நகரில் 39.2 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் வாகனத்துள் புகையும் தூசியும் வேறு. இனிக் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. நாமக்கல்லிலிருந்து வடநாடு வரை லாரி ஓட்டும் நம் சகோதரர்க்கு இது பெரிய ஆறுதல். அவ்வறைகளிலும் பழுதாகும் கம்ப்ரஸர்களை நாளை மாற்ற வேண்டியவர்கள் நம்மவர் பலராகவே இருப்பர்.

இனி வாயுவின் கதைக்கு வருவோம். மிட்ஜ்லியின் வாயு மனிதருக்கு நஞ்சில்லாதது என்பது உண்மை. ஆனால் அது அழியாதது. அதுவே அதன் குற்றமாயிற்று. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், இவ்வகை வாயுக்கள் மேலே சென்று, கதிரவனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் படலத்தைச் சிதைக்கும் என்று எச்சரித்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் அப்படலம் மெலிந்து கிடப்பதை ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியால் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. கெடுதல் செய்தவை செல்வ நாடுகள். அதை நீக்கும் செலவை ஏழை நாடுகளும் ஏற்பதோ என்று இந்தியா வாதாடியது. 1990இல் லண்டனில் கூடிய மாநாட்டில் அதற்கென ஒரு நிதி வகுக்கப்பெற்றது. 1992இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2010க்குள் அவ்வகை வாயுவின் உற்பத்தி ஏறக்குறைய முற்றிலும் ஒழிந்தது.

ஆர்-12இன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. அது ஓஸோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியை வெப்பமாக்குகின்றது. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், 1,400 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயு கலந்ததற்குச் சமம். ஒரு சிறு காரில் அரை கிலோ இருந்தால், அதனைத் திறந்து விடுவது ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்த தீமைக்கு ஈடாகும். இக்காரணத்தால் ஐரோப்பாவில் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் அதற்குத் தடை வந்தது. ஆர்-1234ஒய்எஃப் என்னும் மூன்றாம் வாயு அங்கே பரவியது. 2016இல் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் செய்யப்பெற்ற திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி 2047க்குள் இவ்வகை வாயுக்களின் பயன் 85 விழுக்காடு குறைய வேண்டும்.

இம்மூன்று வாயுக்களின் வரலாறும் கம்ப்ரஸரை மாற்றுவோரின் கையில் வந்து நிற்கின்றது. ஆர்-12க்குக் கனிம எண்ணெய் ஏற்றது. ஆர்-134ஏ அவ்வெண்ணெயைத் தன்னோடு கொண்டு செல்லாது. எண்ணெய் எங்கோ தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். அதற்கெனப் பேக் என்னும் செயற்கை எண்ணெய் உண்டு. அதிலும் தடிமன் பல வகை. வண்டிக்குரிய வகையையே இட வேண்டும். ரப்பர் வளையங்களும் வாயுவுக்கேற்ப வேறுபடும். மூன்றாம் வாயு சிறிதளவு தீப்பற்றக்கூடியது. எந்த வாயு, எத்தனை கிராம் என்பது முன்மூடியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருக்கும். வேலை தொடங்க வேண்டிய இடம் ஸ்பானர் அன்று, அந்தச் சீட்டே.

வீட்டில் செய்யத் தகாதவற்றை முதலிற் கூறுவோம். குழாயைத் தளர்த்தி வாயுவைப் புஸ்ஸென்று வெளியே விடுதல் கூடாது. வாயுவை உறிஞ்சி உருளையில் சேமிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்று முன்னதாகவே காலி செய்துகொள்ள வேண்டும். உலகத்துக்குச் செய்யும் நன்மை ஒருபுறமிருக்க, கைக்கும் கண்ணுக்கும் இதுவே காப்பு. ஆர்-134ஏ உறைநிலைக்குக் கீழே 26 டிகிரியில் கொதிப்பது; நீர்மமாகத் தெறித்தால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

காலியான பின்னர், கழற்றிப் பூட்டும் வேலையைக் கைப்பழக்கமுள்ளவர் வீட்டில் செய்யலாம். பாட்டரிக் கம்பியைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, மின் இணைப்பை நீக்கி, இரு குழாய்களையும் விடுவிக்க வேண்டும். விடுவித்த வாய்களை உடனே மூடிவிட வேண்டும். ஏனெனில் புதிய எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். பழைய கம்ப்ரஸரிலிருந்து வடியும் எண்ணெயை அளந்து, நிறத்தையும் பார்த்தல் நன்று. அதில் உலோகப் பொடி மின்னுமாயின், கம்ப்ரஸர் தன்னைத்தானே தேய்த்து அழிந்தது என்று பொருள். அப்பொடி கண்டென்சரின் நுண்ணிய வழிகளில் அடைந்திருக்கும். இக்காலத்துக் கண்டென்சர்களைக் கழுவித் தூய்மையாக்குவது அரிது, மாற்றிவிடுவதே முறை. ஈரம் உறிஞ்சும் டிரையரையும் வளையங்களையும் எப்படியும் புதிதாக இட வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கம்ப்ரஸர் ஒன்றை மட்டும் வாங்கித் திரும்புவோர், சிறு தொகையைச் சேமித்துப் பெருந்தொகையை இழக்கிறார்கள். பல மாதம் சேர்த்த பணத்தில் வாங்கிய கருவி, பழைய பொடியை விழுங்கிச் சில நாளில் இறுகிப்போவதைக் காண்பது வேதனை.

புதிய கம்ப்ரஸரைப் பூட்டியதும், எஞ்சினை இயக்குமுன் அதன் முகத்தட்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினால் உள்ளே தங்கிய எண்ணெய் பரவும். பின்னர்க் குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். ஈண்டு பொம்மசந்திரா வாசிகள் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அயல்நாட்டுக் கையேடுகள் அளவுமானி 29 அங்குலம் காட்ட வேண்டும் என்று கூறும். சென்னைக் கடற்கரையில் அது சரி. பெங்களூர் மேட்டு நிலத்தில் காற்றின் அழுத்தமே குறைவு. ஆகையால் முள் 27 அங்குலத்தை ஒட்டியே நிற்கும். அதற்கு மேல் ஏறவில்லையே என்று கசிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பம்பை நிறுத்திய பின் முள் இறங்காமல் நிற்கின்றதா என்பதே உண்மையான சோதனை.

இறுதியாக வாயுவை நிறைப்பது. இதனை உத்தேசமாகச் செய்தல் ஆகாது. சீட்டில் உள்ள எடையை நிறுத்தே இட வேண்டும். குறைந்தால் எண்ணெய் சுற்றாது. மிகுந்தால் அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸர் உடையும். எனவே தொடக்கமும் முடிவும் பட்டறைக்கு உரியவை. இடைப்பட்ட வேலை வீட்டுக்கு உரியது. இவ்வாறு பகிர்ந்துகொண்டால் கூலியும் குறையும், வேலையும் நிற்கும்.

2019இல் இந்திய அரசு வெளியிட்ட குளிர்ச்சிச் செயல்திட்டம், பழுதுபார்க்கும் தொழிலாளர் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை இலக்காகக் கொண்டது. உடன்படிக்கைகள் மான்ட்ரியாலிலும் கிகாலியிலும் கையெழுத்தாகலாம். அவை மெய்யாவதும் பொய்யாவதும் தெருவோரப் பட்டறையில் குழாயின் திருகைத் திறப்பவர் கையில்தான் இருக்கின்றது. அந்தக் கை பெரும்பாலும் அதிகம் படித்திராத ஒரு தொழிலாளியின் கை. வேலை பழக ஊரிலிருந்து வரும் இளைஞருக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்பிப்பதோடு, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழ் பெறவும் வழிகாட்டுவது அயல் மாநிலங்களில் முன்னதாக வேரூன்றிய நம் போன்றோரின் கடமை. திருகைத் திறக்கும் முன் சீட்டைப் படிக்கும் பழக்கம் அவர்களிடம் வளருமாயின், அவர்கள் தொழிலும் தழைக்கும், காற்றும் கெடாது.